ஆயிரத்து இருநூறு தட்டு

மெமோவை மூன்றாவது தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார் வேம்புலி. மூன்று தடவையும் அதே சங்கதிதான் எழுதியிருந்தது.

'தாங்கள் ஓய்வு பெறும் நாள் நெருங்குவதால் வேலையில் ஆர்வம் குறைந்து காணப்படுகிறீர்கள். இனி ஆர்வத்துடன் பணியாற்றுமாறு எச்சரிக்கப்படுகிறீர்கள்.'

அடியில் குணசேகரன், சூப்பர்வைசர் என்று சாய்ந்து படுத்த ஒரு கையெழுத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஸ்டவ் கம்பெனிக்குள் நுழைந்தவர். இருபத்தேழு வருடமாகக் கம்பெனி கொடுத்த காகிதத்தையெல்லாம் யாராவது படித்துச் சொல்லி, இவர் கட்டைவிரலை மையில் அமுக்குவார். போன வருடம்தான் சங்கத்து ஆபீசில் சாயங்கால வகுப்புக்குப் போய், பலகையில் விரல் தேயத் தேய எழுதி, பெயரைப் போடக் கற்றுக்கொண்டார். யார் உதவியும் இல்லாமல் அவர் படித்த முதல் கம்பெனிக் கடுதாசி இதுதான்.

"இதுக்காடா நான் படிச்சேன்?" என்று மெமோவையே கேட்டார்.

குற்றம் என்னவென்றால், மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தது. பிரஸ் பிரிவில் ஐந்து மெஷின். ஒரு ஷிப்டுக்கு ஒரு மெஷினில் எண்ணூறு ஸ்டவ் தட்டு அடிக்க வேண்டும். ஐந்து பேரும் எண்ணூறுதான் அடிப்பார்கள். எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் கிடையாது, எண்ணூற்றொன்றும் கிடையாது. முடுக்கினால் ஆயிரம் வரும். ஆனால் ஒருநாள் ஆயிரம் அடித்துக் காட்டினால் மறுநாளிலிருந்து அதுதான் கணக்கு என்று தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் இரண்டரைக்கெல்லாம் முடித்துவிட்டு, மற்ற நாலு பேரும் கையில் எண்ணெய்த் துணியோடு அங்கும் இங்கும் நடப்பார்கள். கையில் துணி இருந்தால் வேலை செய்வதாக அர்த்தம். வேம்புலிக்கு முழங்கால் வலி. நடக்காமல் உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டார்.

மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு குணசேகரனிடம் போனார். அந்த ஆள் வேலைக்கு வந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. சட்டைப் பையில் மூன்று பேனா.

"இன்னா சார் இது?"

"நீங்களே படிச்சீங்களா பெரியவரே? பரவாயில்லையே!"

"எண்ணூறு அட்ச்சிட்டுதான் சார் குந்திகினு இருந்தேன். எண்ணிப் பாரு."

"எண்ணூறு எல்லாரும்தான் அடிக்கிறாங்க. அவங்க உக்காரலையே." குணசேகரன் குரலைத் தணித்து, தோளில் கையைப் போட்டான். "நான் உங்களைத் தப்பா சொல்லலை. வயசானா அப்படித்தான். போகப்போறோம்னு தெரிஞ்சா மனசு விட்டுடும். எங்க அப்பாவும் கடைசி வருஷம் ஆபீஸ்ல தூங்கிட்டுதான் இருந்தாரு."

திட்டியிருந்தால்கூட வேம்புலி பொறுத்திருப்பார். தோளில் கை போட்டதுதான் எரிந்தது.

"ஒங்க அப்பாரு நாற்காலில குந்திகினு தூங்குனாரு சார். இங்க தூங்குனா இதுதான்." இடது கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் மெஷினைப் போட்டவர், டீ மணிக்கும் நிறுத்தவில்லை, சாப்பாட்டு மணிக்கும் அரைகுறையாகத்தான் நிறுத்தினார். ஷீட்டை வைத்தார், பெடலை மிதித்தார், தட்டை எடுத்தார். ஒவ்வொரு மிதிக்கும் குணசேகரன் முகம்தான் கீழே இருந்தது. ஷிப்டு முடிந்து எண்ணினால் ஆயிரத்து ஐம்பது.

"பாத்தீங்களா! இதுதான் நான் கேட்ட ஆர்வம்!" என்று குணசேகரன் கைகுலுக்கினான்.

அடுத்த நாள் காலையில் பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தது: ஸ்டவ் தட்டு, ஆயிரத்து ஐம்பது. ஐந்து மெஷினுக்கும்.

பக்கத்து மெஷின் ஜேம்ஸ் பலகையைப் பார்த்தான். வேம்புலியைப் பார்த்தான். ஜேம்ஸ் சாதாரண ஆள் இல்லை. அவன் மச்சானிடம் வெள்ளை அம்பாசிடர் கார் இருக்கிறது. கம்பெனியில் யார் ஓய்வு பெற்றாலும் மாலை போட்டு அந்தக் காரில்தான் வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். முன்னால் பேண்டு செட்டு, பின்னால் சைக்கிளில் மொத்தப் பிரிவும் வரும். இருபத்தேழு வருடத்தில் வேம்புலி முப்பது பேரையாவது அப்படி அனுப்பிவைத்திருக்கிறார். ஆவணி பிறந்தால் தனக்கு ஐம்பத்தெட்டு, தன் முறை என்று காத்திருக்கிறார். அந்தக் கம்பெனியில் அவர் கேட்பது அது ஒன்றுதான்.

"ஏன் அண்ணாத்தே, கிறுக்கு எதுனா புட்ச்சிகிச்சா ஒனக்கு?" என்றான் ஜேம்ஸ்.

"கோவத்துல அட்ச்சிட்டேன்டா."

"கோவம் வந்தா அந்தாள அட்ச்சிருக்கலாம். எங்களை ஏன் அட்ச்ச?"

வேம்புலி தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்ப்பது என்று முடிவு செய்தார். அன்றைக்கு எழுநூறோடு நிறுத்தினார். "நேத்து ஏதோ அதிர்ஷ்டம் சார். மெஷின் ஒரு மூடுல இருந்துச்சி" என்றார்.

குணசேகரன் யோசித்தான். யோசித்தால் ஆபத்து என்று பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது மெமோ வந்தது. கூடவே, எவ்வளவு முடியும் என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்துவிடலாம் என்று தலைமை ஆபீசிலிருந்து பார்த்தசாரதி என்று ஒருவர் வரப்போவதாகத் தகவலும் வந்தது.

"நல்லதாப் போச்சி. அந்தாளு முன்னாடி மெதுவா செஞ்சி காமி. எண்ணூறுக்கே எறக்கிடலாம்" என்றான் ஜேம்ஸ்.

சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை நடந்தது.

"ஷீட்ட எடுக்க சொல்ல ரெண்டு தபா தட்டிப் பாரு, ஒட்டிகினு கீதான்னு. எண்ணெய் தடவ சொல்ல மூலைலேர்ந்து மூலைக்கு தடவு. நடுவுல முட்டியப் புடி" என்று ஜேம்ஸ் சொல்லிக்கொடுத்தான்.

மூன்றாவது மெஷின் தசரதன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். "சூப்பர் நைனா! செத்தவன் எழுந்து வந்து வேலை செய்ற மாறியே கீது!"

பார்த்தசாரதி வந்தார். கழுத்தில் கயிறு கட்டிய கடிகாரம், கையில் அட்டை. வேம்புலி தட்டினார், தடவினார், முட்டியைப் பிடித்தார். இருபது நிமிடம் பார்த்த பார்த்தசாரதி அட்டையில் ஏதோ கிறுக்கிவிட்டு, குணசேகரன் பக்கம் திரும்பினார்.

"எண்ணூறுதான் சார் நியாயம். பழையபடியே விட்டுடுங்க."

ஜேம்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அந்த மனிதர் வாயை மூடியிருந்தால்.

"ஆனா இவரை இந்த மெஷின்ல வெச்சிருக்கறது பாவம் சார். கை நடுங்குது பாருங்க. பேக்கிங்ல உக்கார வெச்சு டேப் ஒட்டச் சொல்லுங்க. போற காலத்துல நிம்மதியா போகட்டும்."

வேம்புலியின் கை நின்றது.

"யாரு சார் பாவம்?"

"நைனா, வேணாம்" என்று ஜேம்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

"கை நடுங்குதா? எனக்கா? அந்த வாச்ச அமுக்கு சார்! அமுக்குன்றேன்!"

அமுக்கினார். அப்புறம் நடந்ததைத் தசரதன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான். ஷீட் போனதும் தெரியவில்லை, தட்டு வந்ததும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது என்று. ஒரு மணி நேரம் கடிகாரத்தையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்த பார்த்தசாரதி, முன்னால் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

ஆயிரத்து இருநூறு.

அன்றிலிருந்து யாரும் வேம்புலியோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் தூக்குச்சட்டியோடு எழுந்தார்கள். "காரு ரிப்பேரு" என்று ஜேம்ஸ் காற்றைப் பார்த்துச் சொன்னான். "ஆவணி வரைக்கும் ரிப்பேரு."

சேக்காட்டு வீட்டுக்குப் போனால் மனைவி அங்கம்மா பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளக் காரு வரும், பேண்டு வரும்னு தெருவுக்கே சொல்லிவெச்சிகீறேன். கெங்கம்மா ஊட்லேர்ந்து ஆரத்தித் தட்டுகூட கேட்டு வெச்சிட்டேன். இப்போ இன்னா, பஸ்ஸுல தொங்கிகினு வரப்போறியா?"

"அந்தாளு பாவம்னு சொன்னான்டி. ரோசம் வராதா?"

"ரோசமா? வேலைக்கி சேர சொல்ல, சின்னப் பசங்களத்தான் எடுக்குறான்னு மீசைய வழிச்சிகினு போயி நின்னியே, அப்ப எங்கய்யா போச்சி இந்த ரோசம்? மூஞ்சப் பாத்து நானே அடையாளம் தெரியாம கதவ சாத்துனேன். போ, அந்த ஜேம்ஸு கைல கால்ல வியுந்தாவது காரு கேளு!"

மறுநாள் காலில் விழவில்லை. ஆனால் கிட்டத்தட்ட விழுந்தார். ஜேம்ஸ் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு, பிறகு இறங்கி வந்தான்.

"இந்தா பாரு அண்ணாத்தே. புதுக் கணக்கு செல்லணும்னா பிரஸ்ஸு ஆளு ஒருத்தன் கையெழுத்து போடணும். நாங்க நாலு பேரும் மாட்டோம்னு சொல்ட்டோம். இப்ப ஒங்கிட்டதான் வருவான். நீ போடாத. அவ்ளோதான். காரு வரும், பேண்டு வரும், நானே மால போடுறேன்."

"சத்தியமா போட மாட்டேன்டா."

"எவ்ளோ உசுப்பேத்துனாலும்?"

"நான் இன்னா சின்னப் புள்ளையா?"

பத்து மணிக்குக் குணசேகரன் காகிதத்தோடு வந்தான். வேம்புலி கையைக் கட்டிக்கொண்டார். நாலு மெஷினும் நின்றுவிட்டன.

"இதுல ஒரு கையெழுத்து பெரியவரே."

"போட மாட்டேன் சார்."

"உங்க வேகத்துக்கு இது மரியாதை."

"மரியாதைய நீயே வெச்சிக்கோ சார்."

ஜேம்ஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குணசேகரன் வேம்புலியை ஒரு நிமிடம் பார்த்தான். ஏதோ புரிந்துவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடியும் தோளில் கையைப் போட்டான்.

"படிக்க வரும், கையெழுத்து வராது. அதைச் சொல்றதுக்கு என்ன கூச்சம்? முன்னாடியே சொல்லியிருக்கலாமே. டேய் முனியா, டைம் ஆபீஸ்லேர்ந்து அந்த மை டப்பாவை எடுத்துட்டு வா. பெரியவருக்குக் கைநாட்டு."

மை டப்பா வந்தது. அதை மெஷின்மேல் திறந்தே வைத்தான் எடுபிடிப் பையன் முனியன்.

வேம்புலி டப்பாவைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதிலிருந்து மைக்கறை போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அண்ணாத்தே... அண்ணாத்தே..." என்று ஜேம்ஸ் கெஞ்சினான்.

டப்பா பறந்து போய்ச் சுவரில் மோதியது. குணசேகரன் பையிலிருந்த மூன்று பேனாவில் ஒன்றைப் பிடுங்கினார். காகிதம் கிழிந்துவிடுகிற அழுத்தத்தில், வே-க்குக் கொம்பு இருக்கிறதா என்றெல்லாம் யோசிக்காமல், ஒவ்வொரு எழுத்தும் ஓர் அங்குலத்துக்குப் போட்டார்: அ. வேம்புலி. அடியில் இரண்டு கோடு வேறு.

"படி சார்! கைநாட்டாம், கைநாட்டு! யாராண்ட?"

"முத்துமுத்தா இருக்கு" என்றான் குணசேகரன். காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

அப்போதுதான் வேம்புலி திரும்பிப் பார்த்தார். நாலு பேரும் நின்றிருந்தார்கள். தசரதன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"நல்லா இரு நைனா" என்றான் ஜேம்ஸ். "சாவுற வரைக்கும் ஒன் பேரச் சொல்லி மிதிக்கிறோம்."

தப்பு செய்தவனுக்குத்தான் அதிகமாகக் கோபம் வரும். வேம்புலிக்கு வந்தது.

"மிதிங்கடா! ஒரு கெயவன் அடிக்கிறான், ஒங்களுக்கு இன்னா கேடு? ஒங்க காரும் வேணாம், மாலையும் வேணாம். எனக்கு இன்னும் மூணு மாசம். அப்பால காலு மேல காலு போட்டுகினு ஊட்ல குந்திகினு இருப்பேன். நீங்க அடிங்கடா ஆயிரத்து இருநூறு! காலம் பூரா அடிங்கடா!"

சொல்லிவிட்டு அந்தச் சூட்டோடு டைம் ஆபீசுக்கு நடந்தார். அங்கேயும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. ஓய்வு பெறுகிறவர்களுக்கு மூன்று மாதம் முன்பே கடுதாசி வரும். இவருக்கு இன்னும் வரவில்லை. மெமோ அடிக்கத் தெரிகிறது, இருபத்தேழு வருடம் உழைத்தவனைப் போ என்று சொல்ல ஒரு காகிதம் அடிக்கத் தெரியவில்லையா?

"எங்கேம்மா என் கடுதாசி?" என்று மேஜையைத் தட்டினார்.

கிளார்க் சுசீலா நிமிர்ந்து பார்த்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டாள். "இருங்க அண்ணே, பாக்கறேன்."

பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய ரிஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டினாள். பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்று, அதில் ஒட்டியிருந்த போட்டோவை அவர் முகத்தோடு ஒத்துப் பார்த்தாள்.

"இது நீங்களாண்ணே? மீசையே இல்லாம, சின்னப் பையனாட்டம்?"

"நாந்தாம்மா. தேதியப் பாரு."

சுசீலா தேதியைப் பார்த்தாள். விரல்விட்டு ஒரு தடவை எண்ணினாள். சந்தேகப்பட்டு இன்னொரு தடவை எண்ணினாள்.

"சேரும்போது வயசு எவ்வளவுன்னு சொன்னீங்கண்ணே?"

வேம்புலியின் கை தானாக மீசைக்குப் போனது. வெளியே டீ நேரம் முடிந்து மணி அடித்தது.

"இருபத்தி நாலுன்னு சொல்லிக் கைநாட்டு வெச்சிருக்கீங்கண்ணே, அப்படின்னா நீங்க ரிடையராக இன்னும் ஏழு வருஷம் இருக்கு, சீக்கிரம் போய் மெஷினைப் போடுங்க, ஆயிரத்து இருநூறு அடிக்கணுமில்ல?"