வண்டி நின்ற கல்

பாதை போட்டுப் பெயர் வாங்கிய அலுவலகங்கள் உலகில் ஆயிரம் இருக்கலாம். பாதையே இல்லாத மலையில் அந்தப் பாதைக்கு நினைவுக்கல் நட்டு, 'இந்தியாவிலேயே முதல்முறை' என்று பெயர் வாங்கியது எங்கள் அலுவலகம் ஒன்றுதான்.

'முன்னோர் வண்டித்தடப் பெருமை மேம்பாட்டுச் சிறப்புப் பிரிவு' என்பது அதன் பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட நீளம். மீதிப் பெயர் பக்கத்து சைக்கிள் கடைச் சுவர்மேல் ஏறிவிட்டதால், 'சிறப்புப் பிரிவு, பஞ்சர் ஒட்டப்படும்' என்று சேர்த்துப் படித்தவர்களும் உண்டு. கல்லில் என்ன எழுதுவது என்று யோசிக்கும் 'வாசக எழுத்தர்' பதவி எனக்கு. இது எண்பத்தொன்றாம் வருடத்துச் சங்கதி.

ஜவ்வாது மலைக்காரர்களின் முன்னோர் மாட்டுவண்டி பூட்டி மலையேறினார்கள் என்பது எங்கள் தனி அலுவலர் கோபால்சாமியின் கண்டுபிடிப்பு. ஆதாரம் கேட்கிறீர்களா? அவர் கண்டுபிடித்ததுதான் ஆதாரம்.

சந்தவாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தோம். கொல்லைமேடு என்ற ஊரை எட்டியதும் கோபால்சாமி புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்க ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்கதான்யா" என்றார்.

"எது சார்?"

"வண்டி நின்ன இடம்."

வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரர் தீர்த்தகிரி விழித்தார். "ஆடே யோசிச்சி ஏறுற எடங்க இது. வண்டி எப்டிங்க வந்திருக்கும்?"

"வராம எப்படிய்யா நிக்கும்?" என்றார் கோபால்சாமி.

அதன்பிறகு அவர் மூச்சு வாங்கிய இடமெல்லாம் வரலாற்று இடமாயிற்று. கனமான உடம்பு. வரலாறு அடிக்கடி நிகழ்ந்தது.

கல்லுக்கு நாங்கள் அலையவில்லை. மலைக்கு ரோடு போடுகிறோம் என்று எப்போதோ உடைத்து அடிவாரத்தில் அடுக்கிய கருங்கற்கள் சும்மாதான் கிடந்தன. ரோட்டுக்கென்று பிறந்த கல் ரோட்டின் நினைவாக நிற்பதைவிட வேறு என்ன பேறு வேண்டும்? ஊர்க்காரர்களே கழியில் கட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். அதற்கு 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர் கொடுத்தோம்.

புளியமரத்தடியில் குழி தோண்டும்போது மாணிக்கம்மாள் என்ற பெண் ஓடி வந்தாள். புருஷன் போனபின் நாலைந்து புளியமரங்களை நம்பிப் பிழைப்பவள்.

"யாருங்க செத்துப்போனது?"

"யாரும் சாகலைம்மா."

"அப்பறம் இன்னாத்துக்குக் கல்லு நடுறீங்க?"

அறியாமையை மன்னித்து, என் வாசகத்தைப் படித்துக் காட்டினேன்: 'இவ்விடத்தில் வண்டி நின்றது.' நெடுநாள் உழைத்துச் செதுக்கிய மூன்று சொற்கள்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வண்டி நிக்குமா? இங்கியா?"

அவள் சொன்ன வண்டி பஸ். வருடா வருடம் புளியைத் தட்டி, கொட்டை எடுத்து, கூடை கூடையாகத் தலையில் சுமந்து இறங்குவாள். அடிவாரத்து வியாபாரி வாய்க்கு வந்த விலையைச் சொல்வான். திரும்பத் தூக்கிக்கொண்டு ஏறவா முடியும்? கொடுத்துவிட்டு வருவாள்.

"இந்த வருசம் கலசப்பாக்கம் சந்தைக்கே நேராப் போய் வித்துட்டு, டிக்கெட் வாங்கி உக்காந்துகினு வர்றேன் பாருங்க!" என்றாள்.

நான் திருத்தவில்லை. வாசகத்தில் பிழை இருந்தால்தானே திருத்துவதற்கு?

ஊரே புளி மூட்டைகளோடு கல்லடியில் கூடிவிட்டது. இன்னும் வராத பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை. ஆளாளுக்குக் கல்மேல் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். தீர்த்தகிரி தன் சேவலுக்கும் சேர்த்துத் துண்டு போட்டார். இரண்டாவது கல் நட வந்த கோபால்சாமி அதைப் பார்த்துக் கண்கலங்கினார்.

"கல்லுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்காங்கய்யா!"

பஸ் வரவில்லை. தீர்த்தகிரி பஸ் ஆபீசுக்கே போய்க் கேட்டார். அங்கிருந்த அதிகாரி விவரம் தெரிந்தவர்.

"உங்க ஊர்ல வண்டி நிக்குதுன்னு கவர்மெண்டு கல்லே இருக்காமே? நிக்கிற ஊருக்கு எதுக்குய்யா புது வண்டி?"

அன்று மாலையே கோடை மழை கொட்டியது. கல்லுக்குச் சேதமில்லை. மூட்டைக்குள் புளி நனைந்து, கறுத்து, பூஞ்சை பூத்து, பாத்திரம் துலக்கத்தான் ஆகும் என்றாகிவிட்டது.

அடுத்த கல் நட நான் போனபோது மாணிக்கம்மாள் என் சட்டையைப் பிடிக்காத குறை. "எல்லாம் போச்சுங்க. ஒரு வருசத்துச் சோறு போச்சு. வண்டி எங்கங்க?"

இலக்கணம் என்னைக் கைவிடவில்லை.

"நிக்கும்னு எழுதலைம்மா. நின்றதுன்னுதான் எழுதியிருக்கு. அது இறந்தகாலம்."

"இன்னா காலம்?"

"இறந்தகாலம்."

அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சத்தம் போடாமல் போய்விட்டாள். இலக்கணத்தின் வலிமையை எண்ணி நான் பெருமைப்பட்டேன்.

பிறகு தனி அலுவலரின் ஆய்வு நாள். கல்லுக்கு மாலை, கற்பூரம். மாணிக்கம்மாள் செம்பிலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கத் தலைமுழுகி, ஈரத்துணியோடு சுற்றி நின்றது.

"பாலாபிஷேகம்!" என்று துள்ளினார் கோபால்சாமி. "ஏம்மா, கல்லுமேல அவ்வளவு பக்தியா?"

"பக்தி இல்லீங்க, காரியம்" என்றாள் மாணிக்கம்மாள். "எங்க வழக்கத்துல செத்தவங்களுக்குத்தான் கல்லு நடுவோம். பால் ஊத்துவோம். வண்டி இறந்துபோச்சுன்னு தோ, இவருதான் சொன்னாரு. என் புளியும் அதுங்கூடவே போச்சு."

செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் விட்டாள்.

"ஆனா ஒண்ணுங்க. சொந்தக்காரங்க நட்டுத்தான் பாத்திருக்கோம். கொன்னவங்களே வந்து கல்லு நடுறது இதான் மொதல் தடவை."

'மொதல்' என்ற சொல் காதில் விழுந்ததும் கோபால்சாமி ஆவலோடு என் பக்கம் திரும்பினார்.

"குறிச்சுக்கய்யா. இந்தியாவிலேயே முதல்முறை!"

குறித்துக்கொண்டேன். தொடக்கத்தில் நீங்கள் படித்தது அதைத்தான்.