மாப்பிள்ளை கேட்ட வாத்துப் படகு

திருப்போரூர்
நவம்பர் 29

மாப்பிள்ளை ஷ்யாம் அவர்களுக்கு, மாமனார் பக்தவத்சலம் ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் மாமியார் லோகநாயகியும் சௌக்கியமாக இருப்பதாகவே ஊரில் சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்காவில் நீங்களும் என் மகள் சஹானாவும் நலமாக இருப்பதைப் படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது தபால் எதற்கு என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய டிசம்பரில், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகவும் இதுவரை கடைசித் தடவையாகவும், சஹானாவை அழைத்துக்கொண்டு நான்கு நாள் வந்திருந்தீர்கள். அதில் இரண்டு நாள் கோவா. மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டு எங்கள் மொட்டை மாடியில் நின்று, கிழக்கே உப்பங்கழியில் இறங்கிய பறவைகளைப் பார்த்து, "செம ஸ்பாட் அங்கிள்! அங்க நாங்க பழைய மர போட்டை மாத்திக் கட்டி வாத்து வேட்டைக்குப் போவோம். இங்க அந்த மாதிரி ஒண்ணு இருந்தா வருஷா வருஷம் டிசம்பர்ல ரெண்டு பேரும் வந்துடுவோம்" என்றீர்கள். நான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடப் பிரிவில் இருந்தவன். மேலே இருப்பவர் சொன்னதை வரைந்து, அனுப்பி, ஒப்புதல் வாங்குவது என் தொழில். மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னதையும் வாங்கி வைத்துவிடுவது எங்கள் குடும்ப வழக்கம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் கோளாறு.

மாமல்லபுரம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியின் கொட்டகையில், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன மரத்தாலான பாய்மரப் படகு கிடந்தது. அதைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். சிறுசேரி அடுக்குமாடிகளில் மாடுலர் கிச்சன் போடும் தச்சர் ஏசுதாஸை வரவழைத்தேன். அவர் சுற்றிவந்து பார்த்து, அடிப்பலகையில் விரலை விட்டு மறுபக்கம் எடுத்தார். "இன்னா சார் இது? போட்டுன்னு சொல்லிக்கினு செடித் தொட்டிய தூக்கியாந்துகீறீங்க. உள்ள அரச மரம் வளந்துகினு கீது!" உளுத்த பலகைகளைக் கழற்றினோம். புதுப் பலகை போட்டு, இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றினோம். அன்று மாடியிலிருந்தே நீங்கள் எனக்கு அனுப்பிய வேட்டை வீடியோவில் வாத்துப் படகுக்குப் பாய்மரம் இல்லை என்பதால் அதை அறுக்கச் சொன்னேன். "சார், இதுல உருப்படியா கீற ஒரே கட்டை அதான்" என்றார். அறுத்துவிட்டோம். வீடியோவில் நாய் குதிப்பதற்கு ஒரு மேடை இருந்தது; நம்மிடம் நாய் இல்லை, மேடை மட்டும் கட்டினோம். துப்பாக்கி வைக்க ஓர் அலமாரி கேட்டேன். ஏசுதாஸுக்குத் தெரிந்த அலமாரி ஒன்றுதான். இப்போது உங்கள் துப்பாக்கிக்கு, மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் இழுப்பறையும் கரண்டி மாட்டும் கம்பியும் இருக்கின்றன. வாத்துகளின் கண்ணுக்குத் தெரியாமலிருக்கப் படகைச் சுற்றிக் கோரைப்புல் கட்டினோம். எருமைகளின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று எருமைகள் ஒரே மத்தியானத்தில் படகை மேய்ந்து முடித்தன. ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நாற்பத்தாறு படங்கள், நாற்பத்தாறு கட்டைவிரல்கள். அவற்றை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்ளோ அலையலையேங்க" என்றாள் உங்கள் மாமியார். கல்யாணத்தில் பெண்ணை அனுப்புகிற வேலை, அது சுலபம், இது அழைத்துவருகிற வேலை என்றேன்.

பிறகு பொம்மை வாத்துகள். நிஜ வாத்துகளை ஏமாற்றி இறங்க வைக்க நீங்கள் தண்ணீரில் பொம்மைகளை விடுகிறீர்கள். மாமல்லபுரத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு பொம்மைக்கு வேறு எங்கே போவது? முன் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம், மில்லிமீட்டரில் அளவுகள் எல்லாம் போட்டு ஒரு வரைபடம் தயாரித்துச் சிற்பி காசிநாதனிடம் கொடுத்தேன். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் செய்யாத தவற்றை அதில் செய்திருந்தேன்: எந்தப் பொருளில் செய்வது என்ற கட்டத்தை நிரப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து வீட்டு வாசலில் பன்னிரண்டு கருங்கல் வாத்துகள் வந்து இறங்கின. இறகுக்கு இறகு அத்தனை நேர்த்தி. ஒன்றை மட்டும் உப்பங்கழியில் விட்டுப் பார்த்தோம். மற்றவற்றை விட்டுப் பார்க்கத் தேவை ஏற்படவில்லை. "மிதக்கணும்னு நீங்க சொல்லவே இல்லயே சார்! எங்க தெருவுல ஒண்ணும் எழுதலன்னா கல்லுதான்" என்றார் காசிநாதன். எனக்கு ஆறுதலாக, "ஆயிரம் வருஷம் ஆனாலும் போட்ட எடத்துலயே இருக்கும் சார்" என்றும் சொன்னார். மீதிப் பதினொன்றையும் ஏசுதாஸ் படகின் அடியில் பாரமாக அடுக்கிவிட்டார். படகு ஆடாமல் நிற்கிறது.

நான் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன். மனுக் கொடுக்காமல் எதையும் செய்து பழக்கமில்லை. செங்கல்பட்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போய், 'டிசம்பர் மாதத்தில் என் மருமகன் வாத்து சுட அனுமதி கோருதல்' என்று பொருள் குறிப்பிட்டு, படகின் வரைபடத்தையும் இணைத்துக் கொடுத்தேன். அதிகாரி மரியாதையுள்ளவர். உட்காரவைத்து, டீ வரவழைத்து, இரண்டு தடவை படித்தார். "சார், இது மனுவா, வாக்குமூலமா?" என்று கேட்டார். "காட்டு வாத்தைச் சுட்டா ஜெயில் சார். இன்னா, மாப்ள மேல ஏதாவது கோவமா?" அப்போது இல்லை என்று சொன்னேன்.

வேட்டை இல்லாவிட்டால் என்ன, படகில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும், டிசம்பரில் வந்தால் போதும் என்று வேலையை முடித்தேன். போன ஞாயிறு காலை ஏசுதாஸ் ஜெபம் செய்தார், உங்கள் மாமியார் தேங்காய் உடைத்தாள், படகு உப்பங்கழியில் இறங்கியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. புதிதாகக் கட்டிய கோரைக்குள் நானும் ஏசுதாஸும் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரத்தில் நூறு வாத்துகளாவது கைக்கெட்டும் தூரத்தில் வந்து இறங்கின. "சார், மெய்யாலுமே வந்துச்சு சார்!" என்று ஏசுதாஸ் என் தொடையைக் கிள்ளினார். சஹானாவுக்கு அங்கிருந்தே வீடியோ கால் போட்டேன். வாத்துகளைப் பார்த்து அவள் சின்னப் பெண்போல வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அப்பா, டிசம்பர்ல நாங்க வரலப்பா. அவரோட ஃப்ரெண்ட்ஸ்கூட பனிச்சறுக்குக்குப் போறோம். புக் பண்ணியாச்சு" என்றாள். போட்டு ரெடி ஆயிடுச்சேம்மா என்றேன். அவள் போனை உங்கள் பக்கம் திருப்பினாள். நீங்கள் சிரித்த முகமாக, "ஹாய் அங்கிள்! எந்த போட்டு?" என்றீர்கள். நான் வேட்டை என்று ஆரம்பித்ததும், "ஐயோ, அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு அங்கிள். இப்போ நான் வீகன். தேன்கூடச் சாப்பிடறதில்ல" என்றீர்கள். ஏசுதாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதென்று வாத்துகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே என் முடிவுகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். வரும் வாரம் படகைப் பிரித்துவிடுவோம். இனி உங்களுக்காக இந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கப்படாது. நீங்கள் வருவதும் வராததும் எங்களுக்கு ஒன்றுதான். மாடியில் சஹானாவின் அறையை, சிறுசேரியில் வேலை பார்க்கும் பெண்கள் வாடகைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுவதாக இருக்கிறோம். பெற்றவர்களுக்கும் ஒரு மானம் உண்டு என்பதை இந்த வயதில்தான் கண்டுகொண்டேன்.

பனியில் வழுக்கி விழாமல் இருவரும் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வதிக்கும்,

மாமனார்
பக்தவத்சலம்

பி.கு.: படகைப் பிரிக்கப்போவதில்லை. அறையையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை, நேற்றுதான் வெள்ளையடித்தோம். படகு வேண்டாமென்றால், வேறு என்ன இருந்தால் வருவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எதுவானாலும் சரி, ஏசுதாஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் இப்படிக் கேட்டதை மட்டும் சஹானாவிடம் சொல்ல வேண்டாம்.