ஜெனரலுக்கு மொழிபெயர்த்தவன்

பொய் சொல்லி நான் பலமுறை மாட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கு எதிரான சாட்சியத்தை நானே எழுதி அச்சடித்து, நாற்காலிக்கு ஒன்றாக வைத்துவிட்டு மாட்டியது ஒரே முறைதான்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கும் விழா. நடத்தியது, ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் தலைமையில் இயங்கிய தொண்டு நிறுவனம். அவருடைய ஆங்கில வாழ்க்கைக் குறிப்பைத் தமிழாக்கியவன் நான். பனிமலைக் காவல், தோளில் வாங்கிய குண்டு, பதக்கங்கள் என்று எதையும் அடைமொழி இல்லாமல் விடவில்லை. அவர் பஞ்சாபிக்காரர் ஆயிற்றே என்று, யாரும் கேட்காமலே மொழிபெயர்ப்பாளனாகவும் மேடையேறினேன். (எனக்கு ஆங்கிலம் வரும் என்பது நானே பரப்பிய வதந்தி.)

முதல் மெஷின் தேசம்மாவுக்கு. ஆற்றில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் பிடிப்பவர். மெஷினைத் தொடாமல் மைக்கைப் பிடித்து, ஜெனரலைப் பார்த்துக் கேட்டார்.

"இத்த வச்சிகினு நா இன்னா நைனா பண்றது? ஆத்துல கைய வுட்டா எறாலு வரல, கரண்டு கம்பெனி சாம்பல்தான் வருது. மெசின நீயே எடுத்துகினு போ. நீ பட்டாளத்துல இருந்தவர்னு சொல்றாங்கோ. சாம்பல் கொட்றவனாண்ட போயி நிறுத்துன்னு சொல்லு. உன்னால முடியுமா, முடியாதா?"

முன்வரிசையில் மெஷின்களை வாங்கித் தந்த பெரிய மனிதர்கள். மும்பையிலிருந்து வந்தவர்கள், தமிழ் தெரியாது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன்: "இந்த அம்மா நெகிழ்ந்துபோயிருக்கிறார். ஆற்றில் பாடுபட்ட கைகளுக்கு விடிவு வந்ததே என்கிறார்."

முன்வரிசை கைதட்டியது. ஜெனரல் தட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"எலே, அந்தம்மா அப்படியால சொன்னாவ?"

அசல் திருநெல்வேலித் தமிழ். தமிழ்ச் சிப்பாய்களின் படைப்பிரிவில் இருபது வருடம் இருந்தவர்; அங்கே சிப்பாயின் மொழியை அதிகாரி கற்றே ஆகவேண்டும். 'தம் வீரர்களிடமே தமிழ் பயின்ற தகைமையாளர்' என்று, நாற்காலிதோறும் வைத்த அந்தக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் எழுதியதும் நான்தான். (கை எழுதியது. மண்டை படிக்கவில்லை.)

இன்று நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது. ஒருத்தி வயிறெரிந்து கேட்டதற்குப் பன்னீர் தெளித்துக் கொடுத்த என் நாக்கின்மேல். அந்தப் பன்னீருக்காகவே காத்திருந்ததுபோலத் தட்டிய கைகளின்மேல்.

ஜெனரல் மைக்கை வாங்கி, தேசம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பந்தலை ஒட்டி ஓடிய ஆற்றில் இறங்கி முழங்கைவரை கையை விட்டார். வெள்ளைச் சட்டையின் கை சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. அதற்குள் முன்வரிசைக்காரர்களின் கார்கள் கிளம்பியிருந்தன. மறுவாரமே தேசம்மாவை அழைத்துக்கொண்டு அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தார்.

வீட்டில் இன்றும் நான் எதைச் சொன்னாலும் என் மனைவி, "எலே, அப்படியால சொன்னாவ?" என்கிறாள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சில மாதம் கழித்துத் தேசம்மாவை ராயபுரத்தில் பார்த்தேன். வேறு யாரோ பிடித்த மீனை விற்றுக்கொண்டிருந்தார். மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நாங்க சொன்னது ஒண்ணு, அவங்க எழுதிக்கினது ஒண்ணு," என்றார், என்னை நிமிர்ந்தும் பார்க்காமல். "அந்த ஆபீசுல எல்லாருக்கும் நல்லா தமிழு தெரியுது நைனா. உன்ன மாதிரியே."