சாமியும் புளியங்கொட்டைக் கஞ்சியும்

புருஷன் மலைமேலும் பெண்டாட்டி அடிவாரத்திலும் இருந்தால், அவள் கை சும்மா இருக்காது. எதையாவது செய்து கெடுக்கும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை.

கல்யாணமான முதல் வருஷம். அவருக்குக் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவார். திங்கட்கிழமை விடியுமுன் ஏறிவிடுவார். மற்ற நாளெல்லாம் துணி காயப்போடும் சாக்கில் மாடியில் நின்று மலையையே பார்ப்பேன். (காய்ந்த துணியையே திரும்பக் காயப்போட்டதும் உண்டு.) அந்தக் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர், விரதம் முடியும்வரை தோட்டத்திலேயே தங்கிவிட்டார். "இங்கன குளிரு தாங்கல புள்ள" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அது போதும்.

அப்போது எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அத்தனையும் குறும்பை ஆடு, ரோமம் கொடுக்கிற சாதி. (எல்லோரும் கறியாட்டுக்கு மாறிவிட்டதால் அதைப் பார்ப்பதே அபூர்வம்.) அவருக்கு ஒரு மப்ளர் பின்ன, ஆட்டுக்காரர் மனைவி பேச்சியக்காவிடம் ஒரு பை ரோமம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் பஞ்சு நூற்ற தக்ளியைத் தேடியெடுத்து நூற்றேன். நூல் ஓரிடத்தில் மண்புழு, ஓரிடத்தில் சாரைப்பாம்பு.

"ஏத்தா, இது நூலா, மாடு கட்டுற கயிறா?" என்றாள் பேச்சியக்கா.

"பிசிறு குத்துதேக்கா, என்ன செய்ய?"

"கம்பளி நெய்யிறவுக நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவாக. லேசாத் தடவு."

லேசாவாவது ஒன்றாவது! சுங்குடிச் சேலைக்கு மொடமொடவென்று கஞ்சி போட்டுப் பழகிய கை இது. மப்ளரைப் பின்னி முடித்து, ஒரு குண்டான் கஞ்சியில் முழுசாக முக்கினேன். காய்ந்த மப்ளரைச் சுவரில் சாய்த்து நிற்கவைக்க முடிந்தது.

கூலிக்குப் போகும் பெண்களோடு ஜீப்பேறிப் போனேன். கறுப்பு வேட்டியும் தாடியுமாக வந்தவர் இரண்டடி தள்ளியே நின்றார். சொந்தப் புருஷனை "சாமி" என்று கூப்பிட்டு மப்ளரை நீட்டினேன்.

"நீயே நூத்தியா புள்ள?" என்று ஆசையாகச் சுற்றிக்கொண்டார்.

சாரல் பிடித்தது. நனைந்தபடி தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குள் கூட்டிப்போனார். சாரலில் கரைந்த கஞ்சி அடுப்புச் சூட்டில் இறுகியது. நான் கூப்பிட்டேன்; அவருக்குத் தலை திரும்பவில்லை, ஆளே திரும்பினார். தாடியும் மப்ளரும் ஒன்றாகிவிட்டன.

"கத்திரிய எடுங்க!" என்றாள் ஒருத்தி.

"மால போட்ட சாமி தாடியில கத்திரி படலாமா? வெந்நி வையி. ஒட்டவச்ச மகராசியே பிரிக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

பிரித்தேன். வெந்நீரைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு முடியாக. ஸ்டோர் முழுக்க ஈர ஆட்டு வாடை. சுற்றி நின்று தோட்டமே சிரித்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் அவர் முகம் என் உள்ளங்கையில் இருந்தது. இது சீக்கிரம் பிரிந்துவிடக் கூடாதே என்று அந்த ஐயப்பனிடமே வேண்டிக்கொண்டேன்.

இன்றும் அவருக்கு மலையில்தான் வேலை. திங்கட்கிழமை ஜீப் ஹாரன் அடித்ததும் அடுக்களையிலிருந்து மகள் குரல் கொடுப்பாள்: "அம்மா, புளியங்கொட்டைக் கஞ்சி காய்ச்சவா?" அவர் தாடையைத் தடவியபடி சிரிப்பார்.

வேண்டாம் என்று சொல்ல இதுவரை எனக்கு வாய் வந்ததில்லை.