பக்கஹவ்ன் மலைக்கு வருவோர் கவனத்திற்கு

டென்மார்க்கில் மலை இல்லையென்று சொல்பவர்கள் பக்கஹவ்ன் பட்டினத்துக்குப் போகாதவர்கள். அங்கே கடற்கரையிலிருந்து எழும்பி நிற்கிற மலையின் உயரம் தொண்ணூற்றிரண்டு மீற்றர். டெனிஷ்காரர் அதைப் பார்த்து மூச்சுவாங்குவார்கள். மன்னார்த் தீவின் பேசாலையில், தேவாலயக் கோபுரத்தைவிட உயரமாக எதையும் காணாமல் வளர்ந்த ஸ்ரனிஸ்லாஸும் மூச்சுவாங்கினான். இந்த ஒரு விஷயத்தில் அகதிக்கும் அரசாங்கத்துக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

மற்ற விஷயத்தில் இருந்தது. மனைவி விமலராணியையும் மகள் சுஜாந்தினியையும் தன்னிடம் எடுப்பிக்க அவன் விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகிவிட்டது. அது அவனுடைய உரிமை என்று சட்டம் சொன்னது. தலைநகரத்து அலுவலகமும் அதை மறுக்கவில்லை. விண்ணப்பத்தை ஒரு அலுமாரியில் மிகவும் பத்திரமாக வைத்திருந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமைகளில் மீன் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் நகரசபைக்குப் போவான். அங்கே இருந்த பிரெபன் என்ற உத்தியோகத்தர் நல்ல மனிதர். கோப்பி தருவார், கவலைப்படுவார், அதற்குமேல் ஒன்றும் செய்யமாட்டார். 1988ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய் அவர் சிரித்த முகத்தோடு வரவேற்றார்.

"உங்களுக்கு ஒரு நற்செய்தி."

ஸ்ரனிஸ்லாஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"நமது பட்டினத்தைச் சுற்றிப்பார்க்க வருவோருக்கான ஆலோசனைகளைத் தமிழில் அச்சிடப் போகிறோம். மொழிபெயர்ப்பாளர் நீங்கள்!"

"சுற்றிப்பார்க்க ஆர் வரப்போகினம்?"

"இலங்கையிலிருந்து வருகிறவர்கள்."

"அவையைத்தான் விடமாட்டினமே!"

"அது வேறு திணைக்களம்," என்றார் பிரெபன். "வரவேற்பது எங்கள் வேலை. மறிப்பது அவர்கள் வேலை. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை."

ஆனால் வரவேற்பை அச்சடிக்கிறார்கள் என்றால் ஆட்களை விடத்தானே போகிறார்கள்? இந்த நம்பிக்கையில் ஸ்ரனிஸ்லாஸ் உயிரைக் கொடுத்து எழுதினான். 'மலையேறுமுன் நல்ல சப்பாத்து அணிக. உச்சியில் காற்றுப் பலமாகையால் தொப்பியைப் பிடித்துக்கொள்க. தலைசுற்றுவோர் பாதிவழியிலுள்ள வாங்கில் அமர்ந்து, கடலைப் பார்த்து ஆறுதல் பெறுக. மழை பெய்தால் மனந்தளர வேண்டாம், நாளைக்கும் பெய்யும்.'

பட்டினத்தில் அவனோடு சேர்த்துப் பதினொரு தமிழர்கள். பதினொருவரும் மனைவிக்காகக் காத்திருப்பவர்கள். கையேட்டின் தமிழைச் சரிபார்க்கக் கந்தையாவின் அறையில் கூட்டம் கூடியது.

"தொண்ணூறு மீற்றரை மலையெண்டு எழுதினால் மலைநாட்டுப் பதுளைக்காரன் சிரிப்பான். குன்று எண்டு போடு," என்றான் பேதுரு.

"எங்களை இவ்வளவு காலம் வைச்சிருக்கிற ஊரில குன்றோ? மலையெண்டுதான் போடவேணும்!" கந்தையா மேசையில் அடித்தான்.

இரண்டரை மணித்தியாலம் வாதம் நடந்தது. கடைசியில் வாக்கெடுப்பு. ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் மலை வென்றது.

ஐந்நூறு பிரதிகள் நகரசபை முத்திரையோடு வெளிவந்தன. அட்டையில் ஸ்ரனிஸ்லாஸின் பெயரும் இருந்தது. அவன் ஒன்றைப் பேசாலைக்கு அனுப்பினான். அரசாங்க முத்திரை கண்ட விமலராணி, இதற்காவது மனமிரங்குவார்கள் என்று நினைத்து, அதைத் தன் ஞாபகமூட்டல் கடிதத்தோடு குத்தித் தலைநகரத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்றே கிழமையில் பதில் வந்தது.

'இணைக்கப்பட்ட கையேட்டைக் கவனமாக ஆராய்ந்ததில், விண்ணப்பதாரியின் நோக்கம் மலை பார்ப்பதே எனத் தெரியவருகின்றது. மலை பார்ப்பது குடும்ப இணைவு ஆகாது. உல்லாசப் பயணியாகவும் அவரை அனுமதிக்க இயலாது. கணவர் இங்கே இருப்பதால் அவர் திரும்பிப் போகாமலிருக்கக்கூடும்.'

தன் கைக்கு வந்த அந்தப் பதிலை ஸ்ரனிஸ்லாஸ் அகராதியை வைத்து இரண்டுதரம் வாசித்தான். சுஜாந்தினியை மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தவன். கடைசியாக வந்த படத்தில் அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன.

அடுத்த செவ்வாய் அவன் கோப்பி குடிக்கவில்லை.

"இந்தப் புத்தகம் என்ர மனுசியைப் பிழையாய் வழிநடத்திப்போட்டுது. முறைப்பாடு செய்யலாமோ?"

"தாராளமாக. யார்மேல்?"

"எழுதினவன்மேல."

பிரெபன் அட்டையைப் பார்த்தார். "எழுதியது நீங்கள்தானே?"

"ஓம். அவனைச் சும்மா விடக்கூடாது."

பிரெபன் படிவத்தை எடுத்தார். "பாதிக்கப்பட்டவரை நேரில் அழைத்து விசாரிக்க வேண்டிவருமே..." சொல்லி முடிக்குமுன் அவருக்கும் விளங்கிவிட்டது. முகம் சிவக்க, மேல்மூலையில் 'அவசரம்' என்று தானே எழுதினார். இருபது வருட உத்தியோகத்தில் அவர் செய்த முதல் குற்றம் அதுதான்.

சாட்சிகளை நாட்டுக்குள் எடுப்பதற்கு இன்னொரு பிரிவு இருந்தது. யாரையும் மறிக்கும்படி அந்தப் பிரிவுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பத்தொன்பது நாளில் அனுமதி வந்தது. சாட்சியைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கக்கூடாதென்ற விதியின்படி சுஜாந்தினிக்கும் சேர்த்து வந்தது.

ரயில் நிலையத்தில் சின்னவள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவரோ?" என்று கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் பெட்டியைத் தூக்குகிற சாட்டில் குனிந்து முகத்தைத் துடைத்தான்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். பட்டினத்தில் அங்கீகரிக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான் என்பதால், சாட்சியின் வாக்குமூலத்தைக் குற்றவாளியே மொழிபெயர்த்தான்.

"உங்கள் கணவர் உங்களைத் தவறாக வழிநடத்தினாரா?"

"ஓம் ஐயா," என்றாள் விமலராணி. "கெதியாய் எடுப்பிக்கிறன், கெதியாய் எடுப்பிக்கிறன் எண்டு மூண்டு வருசமாய்க் கடிதம் போட்டவர்."

ஸ்ரனிஸ்லாஸ் தொண்டையைச் செருமி, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான்.

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இது பாரதூரமான விஷயம், தீர விசாரிக்க வேண்டும், முடியும்வரை சாட்சி நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்று தீர்மானமாயிற்று.

செய்தி பரவிய மறுநாள் பிரெபனின் கதவடியில் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"மலையெண்டு போடச் சொன்ன குற்றவாளி நான்தான். என்ர மனுசியையும் கூப்பிட்டு விசாரியுங்கோ," என்றான் கந்தையா.

"இல்லை ஐயா, நானும் மலைக்குத்தான் கையுயர்த்தினனான்!" என்றான் பேதுரு. குன்றுக்கு வாக்களித்த ஒருவரையும் அந்த வரிசையில் காணமுடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சைவக்காரனான கந்தையா உட்படப் பதினொரு பேரும் தேவாலயத்தில் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார்கள். விமலராணி கணவனின் கையைச் சுரண்டினாள்.

"இஞ்சேருங்கோ, எல்லாருமாய் என்ன நேர்த்தி?"

"சத்தம் போடாதை," என்றான் ஸ்ரனிஸ்லாஸ். "விசாரணையை அலுவலகம் கெதியாய் முடிச்சிடக்கூடாது எண்டு."