அது சிரிப்பு இல்லை, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். இடது பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் இப்போது எங்களோடு இல்லை. அங்கே நீயும், உன் முட்டிவலியும், மொட்டைமாடிச் செடிகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீதான் இருபத்திரண்டு நாளாகப் போனையே எடுக்கவில்லையே, வேறு யாரிடம் கேட்பது?

வீட்டில் வெள்ளைத்தாள் இல்லாததால் எங்கள் லிஃப்ட் சர்வீஸ் புகார்ப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்து, "கதவு மூடவே மாட்டேன் என்கிறது, சும்மா சும்மா மணி அடிக்கிறது" என்று இருந்தால் தயவுசெய்து உன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. அது ஒரு துணிக்கடை லிஃப்ட்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ உன் வாழ்க்கையிலேயே முக்கியமான ஒரு விஷயத்தைச் சொன்ன நேரத்தில் நான் இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குக் கோபம். நான் சிரிக்கவில்லை அக்கா. என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

எல்லாம் இந்த இன்டர்நெட்டால் வந்தது. ஒரே வருஷத்தில் வீட்டு வைஃபைக் கட்டணத்தை இரண்டு தடவை ஏற்றினார்கள். சரி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால், அடுத்த வாரமே மூன்று போன்களுக்கும் ரீசார்ஜ் ஏறியது. மாடியே இல்லாத வீட்டுக்கு இரண்டு லிஃப்ட் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. போனிலேயே தினமும் ஆளுக்கு ஒன்றரை ஜிபி வருகிறது, அப்புறம் வைஃபை எதற்கு? உன் தம்பி மனைவியையும் மகளையும் சோபாவில் உட்கார வைத்து இதை விளக்கினேன். மனைவி சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு வீடியோவில் கணக்குச் சொல்லித்தருகிறாள் இல்லையா, அவள்தான் முதலில் கேட்டாள்.

"எங்க கிட்ட அபிப்பிராயம் கேக்குறீங்களா, இல்ல முடிவைச் சொல்றீங்களா?"

"அபிப்பிராயம்தான் கேக்குறேன்."

"அப்ப வாசல்ல வைஃபை டப்பாவைப் பையில போட்டு வச்சிருக்கீங்களே, அது என்ன?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி நடந்து வந்தேன் என்று மகள் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள்.

முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிட்டது. எங்கள் வீடு தரைத்தளம், சுற்றிலும் சுவர். போனில் சிக்னல் வருவது ஒரே ஒரு இடத்தில்தான், வாஷிங் மெஷினுக்கும் குளியலறை ஜன்னலுக்கும் நடுவில். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித்தர ஆரம்பித்தாள். நான் அது தெரியாமல் என் வேலைச் சட்டைகளை மெஷினில் போட்டு ஓடவிட்டிருந்தேன். "மூணிலிருந்து அஞ்சு போகுமா? போகாது. அப்ப பக்கத்து வீட்டுல போய்" என்று அவள் சொல்லும்போது மெஷின் தண்ணீரை வெளியே விட, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பதறிப்போய், "டீச்சர், நீங்க எங்க இருக்கீங்க? கப்பலா?" என்று கேட்டதாம். அடுத்த நாளிலிருந்து பாடம் முடியும் வரை வீட்டில் யாரும் துவைக்கக் கூடாது, யாரும் குளிக்கக் கூடாது. நான் லிஃப்ட் குழியில் இறங்கி, கிரீஸும் அழுக்குமாக வந்து வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன் அக்கா. அந்த வழியாகப் போன பால்காரர், "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்று கேட்டார். "இல்லைங்க, கழித்தல்" என்றேன். அவர் அதற்கப்புறம் என்னிடம் பேசுவதில்லை.

அப்புறம் டேட்டா. ஒன்றரை ஜிபி என்பது சொல்லும்போது ஏதோ மூட்டை மாதிரி இருக்கிறது, செலவழிக்கும்போதுதான் அது கைக்குட்டை என்று தெரிகிறது. மகளுக்கு லேப் டெக்னீஷியன் படிப்பு, பாடம் முழுக்க வீடியோ. அவளுடையது மதியமே காலி. அவள் அம்மாவுடையது சாயங்காலம் காலி. பிறகு இரண்டு பேரும் என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்வார்கள். அதாவது நான் என் வீட்டில் எங்கே உட்கார வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவு செய்தார்கள். "அப்பா, கொஞ்சம் இடது பக்கம் நகருங்க, வட்டம் சுத்துது" என்பாள் மகள். நகருவேன். "என்னங்க, அங்க ஏன் போனீங்க, எனக்குப் போயிடுச்சு" என்பாள் அவள். திரும்பி வருவேன். ஆறு பேர் ஏறுகிற லிஃப்டில் ஒன்பது பேர் ஏறினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

இந்த நிலைமையில்தான் எங்கள் தெருவில் புதிதாக வந்த பல் டாக்டர் கிளினிக்கில் "காத்திருப்போருக்கு இலவச வைஃபை" என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சனிக்கிழமை காலை உன்னோடு பேசுகிற நேரம் மட்டும் போய் உட்காரலாமே, யாருக்கு என்ன நஷ்டம்? முதல் சனிக்கிழமை நன்றாக நடந்தது. நீகூட, "படம் பளிச்சுன்னு இருக்குடா, எங்க இருக்க, சுவரெல்லாம் வெள்ளையா?" என்று கேட்டாய். புதுசாக வெள்ளையடித்ததாகச் சொன்னேன். அது பொய்தான், மன்னித்துவிடு. இரண்டாவது சனிக்கிழமை வரவேற்பில் இருந்த பெண் என்னைக் கவனித்துவிட்டாள். போன வாரமும் வந்தவர், கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, முனகவும் இல்லை.

"சார், உங்களுக்கு என்ன பிரச்சினை?"

சுற்றிலும் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைஃபை என்று எப்படிச் சொல்வது? "பல்லுதான்" என்றேன். "எந்தப் பல்லு?" கைக்கு வந்ததைத் தொட்டுக் காட்டினேன். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நாற்காலியில் படுக்கவைத்து விளக்கைப் போட்ட டாக்டர், நான் சும்மா காட்டிய அந்தப் பல்லையே பார்த்து, "இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீங்க? வேர் வரைக்கும் போயிருக்கு, எடுத்துடலாம்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, வாய் மரக்கிற வரை வெளியே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். இடது பக்க உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணாடிக் கதவில் பார்த்தால் அது தானாக மேலே ஏறி நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. "ஒண்ணு சொல்லணும்டா, சிரிக்கக் கூடாது" என்றாய். உங்கள் தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னாய். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை, பேச்சுத்துணையாக ஆரம்பித்தது, இப்போது கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இரண்டு பேரும் நினைக்கிறோம் என்றாய். "அம்பத்தெட்டு வயசுல இது என்ன வேலைன்னு நினைக்கிறியா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாய். சரியாக அந்த நேரத்தில்தான் கிளினிக் வைஃபை நின்றது. ஆளுக்கு இருபது நிமிஷம்தான் என்பதைச் சுவரில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வைஃபை போனால் போன் தானாக டேட்டாவுக்கு மாறும் அல்லவா, மாறியது. அங்கே ஒன்றுமே இல்லை, காலையிலேயே மகள் ரத்த அணுக்களைப் பற்றி இரண்டு வீடியோ பார்த்து முடித்துவிட்டிருந்தாள். அதனால் உன் போனில் என் முகம், ஊசி போட்டுக் கோணிய வாயோடு, அப்படியே நின்றுவிட்டது. எத்தனை நேரம் நின்றதோ தெரியாது. சாயங்காலம் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாய்: "நல்லா சிரிச்சுக்கோ."

அந்த இரண்டு வார்த்தை எனக்குப் பல்லைவிட வலித்தது அக்கா.

அத்தான் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வீடியோவில் பேசிக்கொண்டே நீ ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒருநாளாவது அதைப் பற்றி உன்னிடம் கேட்டிருப்பேனா? லிஃப்டு, பில்லு, சிக்னல் என்று என் கதையையேதான் அளந்திருக்கிறேன். உனக்குத் துணை வருகிறது என்றால் எனக்கு அதைவிட என்ன வேண்டும்? எவன் என்ன பேசினாலும் உன் பக்கத்தில் நான் நிற்பேன். இதை எழுதுகிறபோது என் வாய் நேராகத்தான் இருக்கிறது.

இனிமேல் இந்தக் குழப்பம் வராது. நேற்று வைஃபையை மறுபடியும் போட்டுவிட்டோம். இந்தத் தடவை மகள்தான் முடிவெடுத்தாள். இருப்பதிலேயே குறைந்த வேகம், அதுவே பாடத்துக்கும் உனக்கும் போதுமாம். என் போனுக்குப் பேச மட்டும் ரீசார்ஜ். டப்பாவை மாட்ட வந்த ஆள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சார், இதைத் திருப்பிக் குடுத்தப்ப ரொம்பத் தெளிவா இருந்தீங்களே" என்றான். மனைவி சமையலறையில் இருந்து சிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு. கூப்பிடுவாய் என்று நம்பி இத்துடன் முடிக்கிறேன். உன் தம்பி மனைவி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், மகள் அத்தைக்கு முத்தம் தரச் சொன்னாள், நான் என் தலையை நீட்டியிருக்கிறேன், குட்டுவதோ வாழ்த்துவதோ உன் இஷ்டம்.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்த உன் தம்பி

பின்குறிப்பு: கவரில் போடுவதற்கு முன்னால் உன் தம்பி மனைவி வாங்கிப் படித்தாள். "அண்ணிக்குப் பொய்யை எழுதிப் போஸ்ட் பண்ணாதீங்க, உண்மையைச் சொல்லுங்க, இல்லேன்னா நான் எழுதுவேன்" என்கிறாள். சரி. ஊசி போட்டது நீ பேசி முடித்த பிறகுதான் அக்கா. நான் சிரிக்கத்தான் செய்தேன். ஏன் என்றால், ஆறு மாசத்தில் நீ மூன்று கண்ணாடி மாற்றியிருந்தாய். இதில் ஏதோ இருக்கிறது என்று நான் சொல்ல, இவள் இல்லவே இல்லை என்று சாதித்தாள். நீ கண்ணாடிக்கடை என்று வாயெடுத்ததுமே நான் ஜெயித்துவிட்டேன் என்று வந்த சிரிப்பு அது, சந்தோஷத்தில் அடக்க முடியவில்லை. பல் டாக்டர் பல்லைப் பிடுங்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவரே பயந்துவிட்டார். சனிக்கிழமை நீ கூப்பிட வேண்டாம். முதல் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். அவரையும் அங்கே இருக்கச் சொல். கொஞ்ச நாளாக எனக்கும் பொடி எழுத்து தெரிவதில்லை.