ஆறெழுத்தில் ஒரு வார்த்தையும் ஒரே ஒரு குளியலறையும்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன, உங்கள் வீட்டுக்குத்தான் யாரும் வந்து தங்குவதில்லையே. இங்கே நானும் சுகம் என்று எழுத நினைத்தேன். பொய்யோடு தொடங்க வேண்டாமென்று விட்டுவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அத்தனை பேரும் மஞ்சள் மூஞ்சி போட்டுச் சிரிப்பார்கள். அதனால்தான் தபால்.

விடுமுறைக்கு முன்னால் ஒரு புதிர் போடுவது, இத்தனை எழுத்தில் ஓர் ஆங்கில வார்த்தை, அதில் இன்னின்ன எழுத்து வர வேண்டும், கெடுவுக்குள் சொல்லாத வீட்டில் மொத்தக் குடும்பமும் வந்து தங்கும் என்ற ஏற்பாடு உங்கள் மூளையில் உதித்தது. உதித்ததிலிருந்து இரண்டு முறையும் தோற்றது நாங்கள்தான். எங்களுக்கு இரண்டு அறை, ஒரு குளியலறை. உங்கள் சித்தப்பா உள்ளே போனால் நாலு பாட்டு முடித்துத்தான் வெளியே வருகிறார், துண்டும் கையுமாக வரிசை மாடிப்படி வரை நிற்கிறது, போன தடவை என் கட்டிலில் படுத்திருந்தது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் என் கண்ணாடிக் கடைக்குப் போய், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் தூங்கினேன். காலையில் முதல் வாடிக்கையாளர் என்னைத் தட்டி எழுப்பி, "உங்களுக்கு அப்புறம் நான்தானே?" என்று கேட்டார்.

இந்த முறை ஆறெழுத்து, அதில் வி, எஸ், என் மூன்றும் இருக்க வேண்டும் என்று அனுப்பியிருக்கிறீர்கள். செவன் என்று நினைத்தேன், ஐந்தோடு நின்றுவிட்டது. ஓவன்ஸ், அதுவும் ஐந்து. மருந்து பாட்டில், இஸ்திரிப்பெட்டி, சோப்பு உறை என்று எழுத்து இருந்த எதையும் விடாமல் படித்தேன். அச்சகத்தில் நாள் முழுக்க ஆங்கிலப் பிழை திருத்துகிற உங்கள் அக்காவிடம் கெஞ்சியும் பார்த்தேன். "ஆபீஸ்ல பாக்கிற இங்கிலீஷே போதும், வீட்லயுமா?" என்று போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல், கடைச் சுவரில் வாடிக்கையாளர்கள் படிக்கும் அட்டையைக் கழற்றிவிட்டு வி, எஸ், என் மூன்றையும் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். யாருக்காவது பொறி தட்டாதா என்ற நப்பாசை. ஒரு தையல்காரர் வந்தார். பரிசோதனைக்கு மாட்டுகிற அந்தக் கனத்த பிரேமை அவர் மூக்கில் வைத்து லென்ஸைப் போட்டதும், "இன்னும் மூணு எழுத்து சேத்தா ஏதோ வரும்போல இருக்கே சார்" என்றார். அவ்வளவுதான், அகராதி பார்க்க எதிரே இருந்த நோட்டுப் புத்தகக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. மனிதர் அந்தப் பிரேமோடு என்னைத் தேடி இறங்கி, கலங்கலாகத் தெரிந்த முதல் கதவுக்குள் நுழைந்திருக்கிறார். அது பக்கத்து முடிதிருத்தும் கடை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். துணி போர்த்தினார்கள், இதுவும் பரிசோதனைதான் போலிருக்கிறது என்று முகத்தை நீட்டிக் கொடுத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் மீசை போய்விட்டது. "இந்த மூஞ்சியோட வீட்டுக்கு எப்படி சார் போவேன்?" என்று கேட்டார். என் கால்சட்டைத் துணி இரண்டு அவரிடம்தான் தைக்கக் கிடக்கிறது. அது இனி என்ன அளவில் வருமோ.

ஆகையால் உங்களை இருகரம் கூப்பிக் கேட்கிறேன். இந்தப் புதிரை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை கெடு முடிந்தால் நான் மறுபடியும் நாற்காலியில்தான்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். சித்தப்பாவுக்கு வணக்கம், அவர் தொண்டைக்கு ஓய்வு.

இப்படிக்கு,
வீடிருந்தும் இடமில்லாத உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். நாலு இடத்தில் பிழை திருத்திவிட்டு, "உங்க கடை போர்டுல என்னங்க எழுதியிருக்கு?" என்றாள். விஷன் என்று ஆங்கிலத்தில், சிவப்பில் எழுதியிருக்கிறது. விரல் விட்டு எண்ணினேன். ஆறு. "அப்போ உனக்கு முதல்லயே தெரியுமா?" என்றேன். "போன ரெண்டு தடவையும்கூடத் தெரியும். சொல்லியிருந்தா எல்லாரும் வேற வீட்டுக்குப் போயிருப்பாங்க. மத்த நாளெல்லாம் நாம ரெண்டு பேர்தானே இங்க" என்று சொல்லிவிட்டு உறையை வாங்கி ஒட்டப் போனாள். தடுத்து வாங்கித்தான் இதை எழுதுகிறேன். விடை தெரிந்துவிட்டது, ஆனால் அனுப்பப்போவதில்லை. எல்லோரும் வந்து சேருங்கள். என் தலையணையைக் கடைக்குக் கொண்டுபோக எடுத்து வைத்துவிட்டேன்.